புகை எங்கே போயிற்று?

எங்கள் வீட்டில் மின்சாரக் கார் வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாண வீட்டில் பார்த்தாலும் சரி, காய்கறிக் கடையில் பார்த்தாலும் சரி, "அக்கா, உங்க கார் எப்படி? வாங்கலாமா, வேண்டாமா?" என்று கேட்காதவர்கள் இல்லை. கூடையைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லி முடிகிற விஷயமா இது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நல்லதையும் சொல்கிறேன், தொல்லையையும் சொல்கிறேன். கடைசியில், என் அக்கா சொன்ன ஒரு வார்த்தையையும் சொல்கிறேன். அதன் பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நாங்கள் ராயபுரத்துக்காரர்கள். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2023-ஆம் வருஷம் கோடையில், "இந்த முறை பெட்ரோல் வண்டி வேண்டாம், கரண்டு வண்டிதான்" என்று பையன் பிடிவாதம் பிடித்தான்.

"மழை பெய்தால் ஷாக் அடிக்காதா?" என்றேன் நான்.

என் மாமியார் சிரித்துவிட்டார். "போடி பைத்தியம்! நான் பாவாடை கட்டின காலத்திலேயே பாரிமுனையில் கரண்டு வண்டி ஏறியிருக்கிறேன். அதுக்குப் பேர் டிராம்" என்றார்.

அவர் சொன்னது நிஜந்தான். சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895-இல். நின்றுபோனது 1953-இல். நாம் ஏதோ புதுமை என்று நினைப்பதைப் பாட்டிமார் அப்போதே அனுபவித்துவிட்டார்கள்!

வண்டி வந்தது. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

சத்தம் இல்லை, புகை இல்லை, பெட்ரோல் வாடை இல்லை. பழைய காரில் ஏறினால் தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் எனக்குத் தலை சுற்றும். இப்போது அந்தத் தொல்லை போயே போய்விட்டது. கியர் மாற்றுகிற வேலை கிடையாது. ஐம்பத்தெட்டு வயதில் நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்றால் பாருங்கள்! செலவும் குறைவு. ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டர் 100 ரூபாயை ஒட்டி விற்கிற பெட்ரோலில் கிலோமீட்டருக்கு ஆறேழு ரூபாய் ஆன இடத்தில், இப்போது ஒன்றரை ரூபாய்க்குள் முடிகிறது. என்ஜின் ஆயில் மாற்றுவது போன்ற செலவுகளும் இல்லை.

இனித் தொல்லைகள். வாங்கும்போது விலை அதிகம். பாட்டரிக்கு எட்டு வருஷம் உத்தரவாதம் தருகிறார்கள். அதற்குப் பின் மாற்ற வேண்டி வந்தால் பெரிய தொகை. அடுத்து, மின்சாரக் கணக்கு. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள் அல்லவா? யூனிட் ஏற ஏற விலையும் படி ஏறும். 500 யூனிட்டுக்குள் அடக்கமாக இருந்த எங்கள் வீடு, கார் வந்ததும் அந்தக் கோட்டைத் தாண்டிற்று. முதல் பில்லைப் பார்த்துவிட்டு இவர் இரண்டு நாள் மின்விசிறியைக் கூட நிறுத்தி நிறுத்திப் போட்டார்!

அப்புறம், நேரம். பெட்ரோல் என்றால் ஐந்து நிமிஷம். இது வீட்டுப் பிளக்கில் ராத்திரி முழுக்கக் குடிக்க வேண்டும். மழை வந்தால் வேறு கவலை. பாட்டரி வண்டியின் வயிற்றுக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் புகாமல் மூடியிருக்கிறார்கள் என்றாலும் வெள்ளத்தில் இறக்கலாமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, முதல் நாளே வண்டியை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இவர் குடையோடு நடந்து வந்தார்.

இதெல்லாம் பழகிப்போகிற சங்கடங்கள். ஆனால் ஒரு ராத்திரி என்னால் மறக்க முடியாது.

என் அக்கா எண்ணூரில் இருக்கிறாள். அவளுடைய பேரனுக்கு ஐந்து வயது, இழுப்பு உண்டு. போன ஜனவரிக்கு முந்திய ஜனவரியில், ராத்திரி பத்தரை மணிக்குப் போன் வந்தது. "பிள்ளைக்கு மூச்சு வாங்குதுடி. பையன் நைட் ஷிப்ட். ஆட்டோ ஒண்ணும் கிடைக்கலை. மாப்பிள்ளையை வண்டி எடுத்துக்கிட்டு வரச் சொல்லு!"

எங்கள் தெருவில் சாயங்காலத்திலிருந்து கரண்டு இல்லை. வண்டியில் மீதம் 18 சதவிகிதம். இவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். 35 கிலோமீட்டர் ஓடலாம். எண்ணூருக்குப் போய் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் திரும்ப 28 ஆகும். "போதும், ஏறு" என்றார். ஏ.ஸி. போடவில்லை, பேசவும் இல்லை. நான் முருகனை வேண்டிக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழந்தையை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, திருவொற்றியூர் அருகே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. எங்கள் பக்கத்து ரோடுகளை அறிந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. முக்கால் மணி நேரம் அசைய வழியில்லை. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. நின்றுகொண்டிருக்கும்போது இந்த வண்டி அநேகமாகக் கரண்டே குடிப்பதில்லை. 9 என்று காட்டியது 9 ஆகவே இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டோம். வெளியே லாரிகளின் டீசல் புகை. உள்ளே குழந்தையின் மூச்சுச் சத்தம் மட்டும். ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி சேர்ந்தபோது மீதம் 5 சதவிகிதம். மருந்துப் புகை வைத்தார்கள். விடியற்காலையில் பிள்ளை தூங்கினான்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது நான் பெருமையாகச் சொன்னேன்: "நல்ல வேளை, புகை இல்லாத வண்டியாப் போச்சு, அக்கா."

அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமாக இல்லை; களைப்பாக.

"புகை இல்லாமே எங்கேடி போச்சு? உன் வண்டிக்குக் கரண்டு எங்கேயிருந்து வருது? எங்க ஊருப் பக்கம் கரியைக் கொளுத்தித்தானே? உன் வீட்டு வாசலிலே விழவேண்டிய புகை எங்க மொட்டை மாடியிலே விழுது. அவ்வளவுதான் வித்தியாசம்."

எனக்கு வாயடைத்துப் போயிற்று.

ஒரு காலத்தில் ராயபுரத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் கறுக்கும். துறைமுகத்து நிலக்கரித் தூசி அது. ஐகோர்ட் உத்தரவினால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்குவது நின்றது. அன்று தெருவே மகிழ்ந்தது. நானும் வெள்ளைத் திரைச் சீலை வாங்கி மாட்டினேன். அந்தக் கரி எங்கே போயிற்று என்று ஒருநாள் கூட நான் கேட்கவில்லை. எண்ணூருக்குப் போயிற்று, அக்கா வீட்டுப் பக்கம்! முதலில் தூசியை அனுப்பினேன். இப்போது புகையையும் அனுப்புகிறேன்.

அக்கா சொன்னதில் முழுக் கணக்கும் இல்லைதான். எந்த வீட்டுக்கு எந்தக் கரண்டு என்று பிரிக்க முடியாது. காற்றாலை, சூரியன், அணு, எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் வருகிறது. பெட்ரோல் என்ஜின் தான் குடிக்கிற எண்ணெயின் சக்தியில் பெரும்பகுதியைச் சூடாகவே வீணடிக்கிறது. மின்சார மோட்டார் அப்படி வீணடிப்பதில்லை. ஆகவே மொத்தத்தில் இது மேல்தான். ஆனால் இழுப்பு வந்த பிள்ளையின் பாட்டியிடம் போய் 'மொத்தத்தில்' என்று பேச முடியுமா, சொல்லுங்கள்!

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நாலு மாதம் கழித்து எங்கள் மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடுகள் ஏறின. 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நல்ல வெயிலில் நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் வரை வருகிறது. முன்பு ராத்திரியில் சொருகிய வயரை இப்போது பகல் பதினொரு மணிக்குச் சொருகுகிறோம். தெருவில் கரண்டு போனால் தகடும் சேர்ந்து நின்றுவிடும். மேகம் போட்டால் குறைந்துவிடும். இருந்தாலும் பில் இறங்கியது. என் மனசும் கொஞ்சம் இறங்கியது.

எல்லாருக்கும் மாடி இருக்காது. எல்லாருக்கும் கார் தேவையும் இல்லை. 2025 ஜூன் 30-ஆம் தேதி வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. பலர் சேர்ந்து போகிற அந்த வண்டி, நாலு பேர் போகிற என் வண்டியை விடப் பெரிய புண்ணியம்.

ஆகவே, வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். தினம் ஓடுகிற தூரம் கொஞ்சம், வாசலிலே பிளக், மாடியிலே வெயில், இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். 30 சதவிகிதத்துக்குக் கீழே மட்டும் ஒருநாளும் இறங்கவிடாதீர்கள். ராத்திரிப் போன் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வாங்கிய பிறகு "புகையே இல்லை" என்று யாரிடமாவது பெருமை பேசத் தோன்றினால், ஒரு நிமிஷம் வடக்கே திரும்பிப் பாருங்கள். அங்கே என் அக்கா தினமும் காலையில், துணி உலர்த்துவதற்கு முன்னால் கொடிக் கயிற்றைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.