உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா, விட்டுவிடுவதா?



ஒக்டோபர் வந்தால் பாடசாலையில் பிள்ளைகளுக்கு ரோஸ் நிற ரிபன் குத்திவிடுகிறோம். காலைக் கூட்டத்தில் மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பேசுகிறோம், நேரத்தோடு கண்டுபிடியுங்கள் என்கிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் கண்டுபிடித்து, வெட்டி எடுத்த பிறகு அந்த இடத்தை என்ன செய்வது என்று எங்கள் ஊர்களில் யாரும் வாய் திறப்பதில்லை. இத்தனை வருடமாக நாங்களும் திறக்கவில்லை. இப்போது எழுதுவது ராத்தாவின் சம்மதத்தோடு. "பேர மட்டும் போடாத, மத்ததெல்லாம் எழுது" என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் மூன்று பெண் பிள்ளைகள். மூத்தவர் ராத்தா. இதை எழுதுவது நடுவிலாள், அட்டாளைச்சேனை கல்வியியல் கல்லூரியில் படித்துவிட்டுக் கல்முனைப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். சின்னவள் வீட்டிலிருந்து தைக்கிறவள். எழுதியதை மூன்று பேரும் இருந்து வாசித்துத்தான் போடுகிறோம்.

2017இல் ராத்தாவுக்கு இடது மார்பை முழுதாக எடுத்தார்கள். பிறகு கீமோ, பிறகு ரேடியேஷன். அந்தக் கதையை விடுவோம், எல்லா வீட்டுக் கதையும் ஒன்றுதான். எங்களுக்குத் தெரியாமல் இருந்தது அதற்குப் பிறகு வந்தது. இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். முதலில் வந்தது பாரப் பிரச்சினை. ஒரு பக்கம் பாரம் இருக்கிறது, மறுபக்கம் இல்லை. தோள் ஒரு பக்கம் ஏறுகிறது, கழுத்து நோகிறது, முதுகு வளைகிறது. ராத்தா கைலேஞ்சியைச் சுருட்டி வைத்தார், பிறகு பழைய காலுறைகளை வைத்தார். ருகூஃவில் குனிந்தால் அது முன்னுக்கு விழும், ஸுஜூதில் கழுத்தடிக்கு ஏறும். 2018 நோன்பில் தராவீஹ் முடிவதற்குள் எத்தனை தரம் இழுத்துவிட வேண்டியிருந்தது என்று பக்கத்து ஸஃப்பில் நின்ற எங்களுக்குத்தான் தெரியும்.

"அபாயாவுக்குள்ள ஆருக்குக்கா விளங்கப் போகுது?" என்று சாச்சி கேட்டார். சாச்சி கெட்டவர் இல்லை. ஒபரேஷன் நாளில் விடிய விடிய வைத்தியசாலை வாங்கில் இருந்தவர் அவர்தான். உண்மையைச் சொன்னால் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம், பாடசாலைக்குப் போகுமுன் ஸ்காப்பை மூன்று தரம் கண்ணாடியில் சரிபார்க்கிற நாங்கள். 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்புக்கு இலவசப் பிரிவு தொடங்கியபோதும், அரசாங்கக் காசில் இது தேவையா என்று கேட்டார்கள். ஏழைக்கும் நோயாளிக்கும் உயிர் மிஞ்சினால் போதும் என்ற நினைப்பு எங்கள் ஊரில் மட்டும் இல்லை போலும்.

மச்சான் கட்டாரில். "காசு பிரச்சினையில்ல, நல்லதா பாருங்க" என்று வட்ஸ்அப்பில் சொன்னார். நல்லது என்றால் விலை கூடினது என்பதுதான் எங்கள் எல்லாருடைய கணக்கும். 2019 தொடக்கத்தில் கொழும்பில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். பெயர் வேண்டாம். மேசையில் மூக்குக்கண்ணாடி பிரேம் பரப்புவதுபோல் மாதிரிகளைப் பரப்பினார்கள். அன்று விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் வெளித்தோல் சிலிக்கன். சிலதுக்குள் உப்புத்தண்ணீர், அதாவது சேலைன். சிலதுக்குள் தடித்த சிலிக்கன் ஜெல், தொட்டால் சதைபோலவே இருந்தது. சிலது வட்டம், சிலது கண்ணீர்த்துளி வடிவம். சிலதின் மேற்பரப்பு வழுவழுப்பு, சிலது அரத்தாள்போல் சொரசொரப்பு. துளி வடிவம் உள்ளே புரண்டால் கோணலாகிவிடும், சொரசொரப்பாக இருந்தால் சதை பிடித்துக்கொள்ளும், அசையாது என்றார்கள். அதைத்தான் சிபாரிசு செய்தார்கள். விலையும் அதுதான் கூட. நாங்கள் தலையாட்டினோம். மச்சானும் சரியென்றார். மே மாதத்துக்குத் திகதி குறித்தோம்.

ராத்தாவிடம் யாரும் கேட்கவில்லை. அதைப் பிறகுதான் யோசித்தோம்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. உலகத்தில் முதன்முதலாக சிலிக்கன் மார்பு வைக்கப்பட்டது 1962இல், அமெரிக்காவில் ஹூஸ்டனில். அந்தப் பெண் மார்புக்காக வைத்தியரிடம் போனவர் இல்லை, பச்சை குத்தியதை அழிக்கப் போனவர். டொக்டர்மார் இதைச் செய்து பார்ப்போமா என்றார்கள். அவர் என் காதுகளைச் சரிசெய்து தாருங்கள் என்றாராம். இரண்டும் நடந்தது. முதல் ஆளே அப்படி!

பிறகு ஏப்ரல் 21 வந்தது. 26ஆம் திகதி சாய்ந்தமருது. அதைப் பற்றி இங்கு எழுதப் போவதில்லை, வாசிக்கிற நீங்கள் எல்லாரும் அந்த நாட்களில் இருந்தவர்கள்தான். மே மாதத் திகதி தவறியது. ஜூனில் கிளினிக்குக்குப் போக மூன்று பேரும் இரவு பஸ் ஏறினோம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பெண்களுக்குத் தனி வரிசை.

அப்போது ராத்தா வைத்திருந்தது சின்னவள் தைத்துக் கொடுத்தது. மருதமுனைப் பருத்தித் துணி, உள்ளே இலவம்பஞ்சு, பாரத்துக்குக் கடுகு. பிள்ளைக்குக் கடுகுத் தலையணை தைப்பதுபோல யோசித்துத் தைத்தாள். தடவிப் பார்த்த பொலிஸ் பெண்ணின் கை இடது பக்கத்தில் நின்றது. துணிக்குள் மணிமணியாக ஏதோ. அந்த மாதத்தில், ஒரு முஸ்லிம் பெண்ணின் அபாயாவுக்குள் மணிமணியாக ஏதோ. அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்ததை நாங்கள் பார்த்தோம். எங்கள் முகமும் வெளுத்திருக்கும். எங்களுக்குச் சிங்களம் வரவில்லை, தமிழும் வரவில்லை.

ராத்தாதான் திரையைக் காட்டினார். உள்ளே போய், தானே கழட்டி, அந்தப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு "சமாவென்ன அக்கே" என்று கேட்டது. ராத்தா திரும்ப வைத்து முடிக்கும்வரை அந்தப் பிள்ளை திரையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸில் ஏறிய பிறகு ராத்தா சொன்னார்: "கழட்ட ஏலாத ஒண்டு வேணும்." இத்தனை காலத்தில் அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தரம். எங்களுக்குச் சந்தோஷம். காசும் கட்டத் தயாரானோம்.

ஜூலையில் செய்தி வந்தது. அலர்கன் கம்பனி தனது பயோசெல் என்ற சொரசொரப்பு வகையை உலகம் முழுவதும் திருப்பி அழைத்தது. மார்பைச் சுற்றி உருவாகும் ஒருவகை லிம்போமா புற்றுநோய் அதற்குக் காரணம். அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொன்ன கணக்கு: உலகம் முழுவதும் 573 பேர், அதில் 33 பேர் மரணம். 573இல் 481 பேருக்கு இருந்தது அந்தக் கம்பனியுடையது. பிரான்ஸ் இந்த மாதிரி வகைகளை ஏப்ரலிலேயே தடைசெய்திருந்தது. அதே பிரான்ஸில்தான் முன்பு பிப் என்ற கம்பனி தொழிற்சாலைக்கான மலிவு சிலிக்கனை நிரப்பி விற்று 2010இல் பிடிபட்டது. மேசையில் எங்களுக்குக் காட்டியது எந்தக் கம்பனியுடையது என்றுகூட நாங்கள் கேட்டிருக்கவில்லை. புடைவை எடுத்தால் எந்த மில் என்று கேட்கிற ஆட்கள் நாங்கள்.

அதற்குப் பிறகுதான் அரசாங்க கிளினிக் ஒன்றில் இன்னொரு சேர்ஜனைப் பார்த்தோம். அவர் துண்டு ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் கீறிக் காட்டினார். அந்த லிம்போமா மிக அரிது, ஏற்கனவே வைத்தவர்கள் நோவோ வீக்கமோ இல்லாவிட்டால் பயந்து எடுக்கத் தேவையில்லை என்றார். ராத்தாவுக்குப் பெரிய கேள்வி வேறு. ரேடியேஷன் பட்ட தோல் இறுகிப் போயிருக்கும். எதை உள்ளே வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு உறை கட்டும். ரேடியேஷன் பட்ட இடத்தில் அந்த உறை சுருங்கிக் கல்லாகும் வாய்ப்புக் கூட. அதோடு இது ஆயுள் முழுக்க இருக்கிற சாமான் இல்லை. சேலைன் பை வெடித்தால் தண்ணீரை உடம்பு உறிஞ்சிவிடும், மார்பு சப்பையாகும், உடனே தெரியும். ஜெல் கசிந்தால் வெளியில் தெரியாமலே இருக்கலாம். அதனால் ஐந்தாறு வருடத்தில் ஒரு ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருக்கா. என்றைக்கோ ஒருநாள் மாற்றவும் வேண்டிவரும்.

இன்னொரு வழி சொந்தச் சதை. வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ எடுத்து அமைப்பது. ஒபரேஷன் பெரிது, தழும்பு இரண்டு இடத்தில். ஆனால் ரேடியேஷன் பட்ட இடத்துக்கு அதுதான் கூடுதலாகப் பொருந்தும். பிரிட்ஜில் வைத்த பொருள் மாதிரிக் குளிராது என்று சிரித்தார். வெளியே வைக்கிற சிலிக்கன் ஒன்றும் உண்டு, பிராவுக்குள் பையில் வைப்பது. ஒன்றும் வைக்காமல் இருப்பதும் ஒரு வழிதான், குறையில்லை என்றார்.

பிறகு ராத்தாவைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க எந்தக் கையால பாரம் தூக்குவீங்க? ராவைக்கு எந்தப் பக்கம் படுப்பீங்க?" ராத்தா அழுதுவிட்டார்.

மார்க்கத்தில் கூடுமா என்ற பேச்சும் வீட்டில் வந்தது. ஒரு மௌலவியிடம் கேட்டோம். அர்ஃபஜா (ரழி) அவர்களின் மூக்கு ஒரு சண்டையில் போய்விட்டது, வெள்ளியில் மூக்கு வைத்தார்கள், அது நாறத் தொடங்கியது, தங்கத்தில் வைத்துக்கொள்ளும்படி ரஸூலுல்லாஹ் (ஸல்) சொன்னார்கள் என்ற ஹதீஸைச் சொன்னார். இருந்ததை இழந்தவருக்கு அதைத் திருத்துவது படைப்பை மாற்றுவது ஆகாது என்றார். 2007இல் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியும், எடுக்கப்பட்ட மார்பைத் திரும்ப அமைப்பதை அனுமதித்திருக்கிறது. விஞ்ஞான டீச்சருக்குப் பிடித்தது வேறு. வெள்ளி ஒத்துக்கொள்ளவில்லை, தங்கம் ஒத்துக்கொண்டது. எந்தப் பொருள் என்ற கேள்வி அப்போதே இருந்திருக்கிறது!

ராத்தா பதினைந்து நாள் யோசித்தார். கொழும்புக்கு எத்தனை இரவு பஸ், ஸ்கேனுக்கு யார் கூட வருவது, பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று கொப்பியில் எழுதிப் பார்த்தார். கடைசியில் எதையும் உள்ளே வைப்பதில்லை என்றார். "வயித்தையும் வெட்டிக்கிட்டு இன்னொருக்காப் படுக்க ஏலா. கழட்ட ஏலாதது வேணும் எண்டது அண்டைக்குப் பயத்துல சென்ன கதை." வெளியே வைக்கிற சிலிக்கன் ஒன்று வாங்கினோம். வெளியே போக அது, வீட்டுக்குத் துணி. சாவடிக்காக கிளினிக்கில் ஒரு கடிதமும் எடுத்து ஹேண்ட்பேக்கில் வைத்திருக்கிறார். மச்சான் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்தாவே எடுத்து ஒரு மணித்தியாலம் பேசினார். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

எங்கள் கதையைப் பார்த்து உள்ளே வைப்பது பிழை என்று யாரும் எடுக்க வேண்டாம். அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு டீச்சர் மார்பை எடுத்த அன்றே வெறும் பையை வைத்து, கிழமைக்குக் கிழமை ஊசியால் சேலைன் ஏற்றித் தோலை விரித்து, பிறகு வழுவழுப்பான ஜெல் வகைக்கு மாற்றிக்கொண்டார். அவருக்கு ரேடியேஷன் தேவைப்படவில்லை. சந்தோஷமாக இருக்கிறார்.

ஒபரேஷனுக்கு முன்னால் இருக்கிறவர்கள் வெட்கப்படாமல் இதைக் கேளுங்கள்: எனக்கு ரேடியேஷன் வருமா? திரும்ப அமைப்பதென்றால் அன்றைக்கே செய்யலாமா, பிறகா? வைப்பதென்றால் எந்தக் கம்பனி, எந்த வகை, மேற்பரப்பு எப்படி? அதன் அட்டையை என் கையில் தருவீர்களா? வெட்டிய பிறகு கேட்டால் சில வழிகள் அடைபட்டுப் போயிருக்கும். கேள்விகளைக் கேட்கவேண்டியது நோயாளி. மச்சான்மாரும் காக்காமாரும் தங்கச்சிமாரும் பிறகு கேட்கலாம்.

35 வயது ஆனவர்கள் எம்ஓஎச் பணிமனையில் சுகவனிதையர் கிளினிக் நாள் எது என்று மிட்வைஃபிடம் கேட்டுப் போய் வாருங்கள்.

துணியில் வேண்டுமென்றால் சின்னவள் தைத்துத் தருவாள். காசு வேண்டாம். கடுகை நிறுத்திவிட்டாள், இப்போது கனத்த துணித் துண்டுகளை அடுக்கி வைத்துத் தைக்கிறாள், கழுவிக் காயப்போடவும் லேசு. பிராவில் பையை இரண்டு பக்கமும் தைக்க வேண்டும் என்று கட்டாயம் எழுதச் சொன்னாள், ஒரு பக்கம் மட்டும் தைத்தால் தோளில் வார் இழுக்கும். அளவெடுக்க உம்மாவையோ ராத்தாவையோ கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆம்பிளைகள் வாசலில் இருக்கட்டும், தேத்தண்ணி தருவோம்.