சேரவிடாமல் துடைத்தல்



தரவுத்தளங்களைப் பராமரிப்பது என் தொழில். அதில் கற்ற ஒன்று என் தீனைப் பற்றியும் என்னைச் சிந்திக்க வைத்தது.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் ஒரு பதிவைத் திருத்தினால் பழைய பதிவு உடனே அழிவதில்லை. அதை வேறொருவர் அப்போது வாசித்துக்கொண்டிருக்கலாம் என்பதால், புதியது தனியே எழுதப்படுகிறது. எவருக்கும் தேவைப்படாத பின்னரும் பழையது இடத்தை அடைத்தே கிடக்கும். இத்தகைய மாண்ட பதிவுகள் பெருகினால் தேடல் மந்தமாகும். அவற்றை அகற்றும் கருவியின் பெயர் 'வேக்கம்'.

தொடக்கத்தில் பராமரிப்பாளரே இதை இயக்க வேண்டியிருந்தது. 2003இல் வந்த 7.4 பதிப்பில், இதைத் தானாக இயக்கும் தனி நிரல் ஒன்று துணையாகச் சேர்ந்தது. 2005இன் 8.1 பதிப்பில் அது சர்வருக்குள்ளேயே பின்னணிச் சேவையாயிற்று. 2008இன் 8.3 பதிப்பு முதல் எவரும் கேளாமலே இயங்குகிறது.

நான் பணியாற்றிய மருத்துவமனையில், நோயாளிகள் வரிசையில் நிற்கும் காலை நேரத்தில் இச்சேவை இயங்கிப் பதிவுப் பணியைத் தாமதப்படுத்தியது. "இதை நிறுத்திவிட்டு மாதம் ஒருமுறை மொத்தமாகத் துப்புரவு செய்யலாம்" என்றார் உடன் பணிபுரிந்த நண்பர். மொத்தத் துப்புரவு முடியும்வரை அந்த அட்டவணையை எவரும் வாசிக்கவும் இயலாது. நள்ளிரவிலும் அவசர நோயாளி வரும் இடத்தில் அது ஆகுமா?

காரணம் வேறிடத்தில் இருந்தது. இயல்பான அமைப்பில், ஓர் அட்டவணையின் 20 விழுக்காட்டுக்கு மேல் மாண்ட பதிவுகள் சேர்ந்த பிறகே சேவை விழிக்கும். 1 கோடி பதிவுகள் இருந்தால் 20 லட்சம் சேரும்வரை காத்திருக்கும். பிறகு நெடுநேரம் பாரமாக உழைக்கும். அந்த அட்டவணைக்கு மட்டும் அளவை 1 விழுக்காடாகக் குறைத்தோம். சேவை அடிக்கடி வந்தது; சிறிது துடைத்துச் சென்றது. அல்ஹம்துலில்லாஹ், வரிசை தேங்கவில்லை.

நம்முள் பலர் தவ்பாவை ரமழானின் கடைசிப் பத்து இரவுகளுக்கென ஒதுக்கி வைக்கிறோம். பதினொரு மாதக் கசடு உள்ளத்தில் சேர்ந்துவிடுகிறது. அவ்வளவு காலம் வாழ்வோம் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பாவங்களிலிருந்து பாதுகாக்கப்பட்ட நபி (ஸல்) அவர்களே நாளொன்றுக்கு எழுபது முறைக்கும் மேலாக இஸ்திக்ஃபார் செய்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஐவேளைத் தொழுகையை வாசலில் ஓடும் ஆற்றுக்கு ஒப்பிட்டதும் அவர்களே. அந்த ஆற்றில் அன்றன்று குளிப்பவனிடம் அழுக்கு தங்குவதில்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. இயந்திரத்திற்கு நிய்யத் தேவையில்லை. பராமரிப்பாளன் உறங்கினாலும் சேவை தன் பணியைச் செய்யும். உள்ளம் உறங்க நாவு மட்டும் முணுமுணுக்கும் இஸ்திக்ஃபாரோ வெறும் பழக்கமாகிவிடும் என்று அஞ்சுகிறேன். அடிக்கடி செய்வதைக் கருவியிடம் கற்கலாம். விழித்திருந்து செய்வது நம் பொறுப்பு.

அன்றாடம் தன்பால் மீளும் அடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.