பால் வாங்கப் போக வேண்டியது யார்?

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்கள் காலத்துப் பிரெஞ்சில் 'பிரெசிதான்' என்றால் தலைவர். அதன் பெண்பால் 'பிரெசிதாந்த்'. பெண் தலைவர் என்றுதானே நினைப்பீர்கள்? பழைய வழக்கில் அதற்குத் தலைவரின் மனைவி என்று பொருள்! தூதரின் மனைவிக்கும் அப்படியே ஒரு பெண்பால் சொல் உண்டு. பெண்ணே அந்தப் பதவியில் உட்காரலாம் என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. பதவிப் பெயர்களைப் பெண்பாலில் சொல்வதற்குப் பிரெஞ்சு அக்கதெமி சம்மதித்ததே 2019-ல்தான். கணவன் ஆட்சேபித்தால் மனைவி வேலைக்குப் போக முடியாது என்ற சட்டம் அந்த நாட்டில் 1965-ல் மாறியது. நம் தமிழில் அந்தத் தொல்லை இல்லை. 'தலைவர்' இருவருக்கும் பொது.

இதையெல்லாம் யோசிக்க வைத்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தி. இந்திரா நூயி பால் வாங்கப் போன கதை. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். அதைச் சொல்வதற்கு முன் அந்த அம்மாள் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1955-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா வங்கி அதிகாரி. தாத்தா ஓய்வு பெற்ற நீதிபதி, கூடவே இருந்து பேரப்பிள்ளைகளின் படிப்பைக் கவனித்தவர். தி.நகர் ஹோலி ஏஞ்சல்ஸ் பள்ளி, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல், பிறகு கல்கத்தா ஐ.ஐ.எம். சென்னையில் ஒரு துணிக் கம்பெனியிலும் பம்பாயில் ஜான்சன் அண்ட் ஜான்சனிலும் வேலை பார்த்துவிட்டு, 1978-ல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். செலவுக்கு இரவு நேரத்தில் விடுதி வரவேற்பறையில் வேலை. நேர்முகத் தேர்வுக்கென்று மலிவு விலையில் ஒரு கோட்டு சூட்டு வாங்கினார். அது அளவாக இல்லை. பார்த்தவர்கள் ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். அங்கே வேலைவாய்ப்பைக் கவனித்த அம்மையார், "உங்கள் ஊரில் என்றால் என்ன உடுத்துவாய்?" என்று கேட்டாராம். சேலை என்றார் இவர். அடுத்த நேர்முகத்துக்குச் சேலையிலேயே போனார், கோடை கால வேலை கிடைத்தது. அந்தக் கோடை முழுவதும் சிகாகோவில் சேலைதான்.

பிறகு பாஸ்டன் கன்சல்டிங், மோட்டோரோலா, ஏ.பி.பி. என்று போய், 1994-ல் பெப்சிகோவில் சேர்ந்தார். சேர்ந்தவர் சும்மா இருக்கவில்லை. பீட்சா ஹட், கே.எஃப்.சி. போன்ற உணவகங்களைக் கம்பெனியிலிருந்து தனியே பிரித்துவிட்டது, டிராபிக்கானா பழச்சாறு, குவேக்கர் ஓட்ஸ் கம்பெனிகளை வாங்கியது ஆகிய எல்லாவற்றிலும் இவர் கை இருந்தது. 2006 முதல் 2018 வரை பன்னிரண்டு ஆண்டுகள் தலைமை நிர்வாகி. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வேலை செய்த நிறுவனம்.

புகழ்ந்து மட்டும் எழுதுவது என் பழக்கம் இல்லை. அவர் தலைமைப் பதவிக்கு அறிவிக்கப்பட்டது 2006 ஆகஸ்டில். அதே ஆகஸ்டில்தான் இங்கே விற்கும் குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி இருப்பதாக டில்லி அமைப்பு ஒன்று அறிக்கை விட்டது. கேரள அரசு பெப்சிக்கும் கோக்குக்கும் தடை போட்டது, அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. சர்க்கரைத் தண்ணீரும் உப்பு வறுவலும் விற்ற கம்பெனி என்பதை மறுக்க முடியாது. அந்தச் சரக்கில் சர்க்கரையையும் உப்பையும் குறைக்க வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். பங்குதாரர்களில் பெரிய ஆள் ஒருவர், கம்பெனியை இரண்டாக உடைக்கச் சொல்லி நெருக்கினார். இவர் உடைக்க விடவில்லை.

இனி பால் கதை. பெப்சிகோவின் பிரெசிடென்டாக நியமிக்கப் போகிறார்கள் என்று சேதி வந்த இரவு பத்து மணி வாக்கில் வீட்டுக்கு வருகிறார். படிக்கட்டில் அம்மா. "உன் சேதி இருக்கட்டும், முதலில் போய்ப் பால் வாங்கி வா" என்கிறார். கணவர் எட்டு மணிக்கே வந்துவிட்டார். அவரைப் போகச் சொல்லக் கூடாதா என்றால், "அவர் களைத்துப் போயிருக்கிறார்" என்று பதில். பால் வாங்கி வந்த மகளிடம், உன் கிரீடத்தையெல்லாம் காருடன் ஷெட்டிலேயே விட்டுவிட்டு வா என்றாராம் தாயார்.

எனக்கு வந்த செய்தியின் அடியில், 'எவ்வளவு உயர்ந்தாலும் பெண்ணுக்குப் பணிவு வேண்டும்' என்று ஒரு நீதி சேர்த்திருந்தார்கள். நான்கு பேர் கைகூப்பியிருந்தார்கள். எல்லோரும் என் வயதுக்காரர்கள், எல்லோரும் ஆண்கள்.

அந்த நீதி அரைகுறையானது என்பது என் எண்ணம். கிரீடத்தை வெளியே விட்டுவிட்டு வருவது நல்ல புத்தி. ஆனால் அது ஆணுக்கும் உண்டு அல்லவா? மகனுக்குத் தலைமைப் பதவி கிடைத்த இரவு எந்தத் தாய் அவனைப் பால் வாங்க அனுப்புவாள்? அன்று களைத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவருடைய களைப்பு மட்டும் கணக்கில் வந்தது.

அந்தத் தாயாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. தாம் கல்லூரிக்குப் போகும் வாய்ப்பு கிடைக்காதவர். இரவுச் சாப்பாட்டின்போது மகள்களை எழுப்பி நிறுத்தி, 'நீ பிரதம மந்திரியானால் என்ன செய்வாய், பேசு' என்று போட்டி வைத்தவர். நன்றாகப் பேசியவளுக்கு ஒரு சாக்லேட். பெண் பிரதமராகவும் வேண்டும், பாலும் வாங்கி வர வேண்டும்! இரண்டையும் அவர் மனதார நம்பினார். நம் வீட்டுப் பெரியவர்கள் பலரும் அப்படித்தானே?

வாட்ஸ்அப்பில் வராத விஷயங்கள் 2021-ல் இந்திரா நூயி எழுதிய புத்தகத்தில் இருக்கின்றன. அவருடைய தகப்பனாருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், அப்போது வேலை பார்த்த கம்பெனி ஆறு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்புக் கொடுத்தது. தந்தை மூன்று மாதத்தில் காலமானார். அந்த விடுப்பு இல்லையென்றால் வேலையை விட்டிருப்பேன் என்ற நிலை அது. குழந்தை பிறந்தபோது அம்மாவும் கணவர் வீட்டு உறவினர்களும் இந்தியாவிலிருந்து முறை வைத்துப் போய் மாதக்கணக்கில் தங்கிப் பார்த்துக்கொண்டார்கள். அலுவலகத்துக்குச் சின்ன மகள் தொலைபேசியில் கூப்பிட்டு, 'விளையாடலாமா' என்று கேட்டால், வீட்டுப்பாடம் முடித்தாயா என்று விசாரித்து அனுமதி கொடுப்பது வரவேற்பாளரின் வேலையாகவே இருந்ததாம். கெட்டிக்காரத்தனம் அவருடையது. அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு நேரம் கொடுத்தவர்கள் பலர். ஓய்வுக்குப் பின் அவர் பேசுவதும் இதைத்தான்: சம்பளத்துடன் விடுப்பு, வளைந்து கொடுக்கும் வேலை நேரம், குழந்தையையும் முதியவரையும் பார்த்துக்கொள்ள ஏற்பாடு.

நேரம் கொடுக்க ஆள் இல்லாத பெண்ணையும் நான் பார்த்திருக்கிறேன். எண்பதுகளில் என்னுடன் வேலை பார்த்தவர். அவர் எழுதும் நோட்டில் மேலதிகாரி ஒரு சொல் திருத்தியதில்லை. விதிகள் அவருக்கு மனப்பாடம். பதவி உயர்வு வந்தது, ஏனாமுக்கு. புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு இது தெரியும்: ஆந்திரக் கடற்கரையில் ஏனாம், கேரளக் கரையில் மாஹே, இந்தப் பக்கம் காரைக்கால். போகச் சொன்னால் போக வேண்டும். நான் மாஹேயில் இரண்டு வருடம் இருந்தேன். இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் என் மனைவி பார்த்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள், படுக்கையில் மாமியார். 'பதவி உயர்வு வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தார். அடுத்தடுத்து இளையவர்கள் மேலே போனார்கள். தாம் வேலை கற்றுக்கொடுத்தவருக்குக் கீழேயே கடைசி ஆண்டுகளில் கோப்பு வைத்தார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஓய்வு பெறும் நாளில் எல்லோரும் அவருடைய பொறுமையைப் பாராட்டிப் பேசினார்கள். திறமையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நம்மில் பலர் இன்று தாத்தா பாட்டிகள். அமெரிக்கா போய் இரும்பைச் சூடாக்கிப் பார்க்கும் வயதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் நம் கையில் கொஞ்சம் இருக்கிறது. எங்கள் மருமகள் வங்கியில் வேலை. போன வருடம் பதவி உயர்வுத் தேர்வு வந்தது, தேறினால் வெளியூர். எழுதலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தாள். என் மனைவிதான் சொன்னார்: "நீ எழுதும்மா. அன்றைக்கு உன் மாமா மாஹே போனபோது எனக்கு ஆள் இல்லை. உனக்கு நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோமே."

இப்போது அவள் திருச்சியில். சனிக்கிழமை இரவு வந்து, திங்கள் விடியற்காலை பஸ் பிடிக்கிறாள். பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது நான், சாப்பாடு பாட்டி. என் பையன் தலை பின்னக் கற்றுக்கொண்டான். வகிடு இன்னும் கோணல்தான், பேத்தி தினமும் திட்டுகிறாள். காலையில் பாலும் அவன்தான் வாங்கி வருகிறான்.