கைக்கேற்ற தூண்டிற்கோல்

இங்கிலாந்துக்கு என்னைக் காண வந்த வாப்பாவை, ரட்லண்ட் வாட்டர் நீர்த்தேக்கத்திற்கு டிரவுட் மீன் பிடிக்க அழைத்துச் சென்றேன். நெடுந்தொலைவு வீசட்டும் என்றெண்ணி, 10 அடி நீளத்தில் 8ஆம் எண் தூண்டிற்கோலை வாங்கியிருந்தேன். தோள் வலியை மறைத்தே அவர் வீசினார். கோலை இடக்கைக்கு மாற்றியபோதுதான் அறிந்தேன்.

இறகால் கட்டிய செயற்கை ஈக்குக் கனமில்லை. நூலின் கனமே கோலை வளைத்து ஈயைக் கொண்டு சேர்க்கிறது. ஆகவே கோலின் எண்ணும் நூலின் எண்ணும் ஒத்திருத்தல் வேண்டும். எண் ஏற ஏறக் கனமும் ஏறும்.

மறுமுறை அதே நீளத்தில் 6ஆம் எண் கோலை, வாப்பாவே வீசிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். கரையோரம் இரை தேடும் டிரவுட்டுக்கு அவ்வீச்சே போதுமாயிருந்தது. மாலைவரை அவர் கை மாற்றவில்லை.

முதன்முறை கோலை மட்டுமே தேர்ந்தேன். அதைப் பிடிக்கும் கையை மறந்திருந்தேன்.