பாணீ சாவ்தய்!

செம்பூர்ல எங்க சொசைட்டி தோட்டத்துல ஒரு குட்டிக் குளம் இருக்கு. குளம்னு சொன்னா எங்க ஊர்க்காரங்க சிரிப்பாங்க. மன்னார்குடி ஹரித்ராநதி 23 ஏக்கர். அதோட கரையில வளர்ந்தவன் நான். இது பத்தடிக்கு எட்டடி சிமெண்ட் தொட்டி, அவ்வளவுதான். ஆனா இதுல நாலு ஆமை இருக்கு, கன்னத்துல சிவப்புக் கோடு போட்ட அமெரிக்க ஆமைகள். ரூபாய் நாணயம் சைஸ்ல இருக்கும்போது யாரோ குழந்தைக்கு ஆசையா வாங்கிட்டு வந்து, அது சாப்பாட்டுத் தட்டு சைஸுக்கு வளர்ந்ததும் ராவோட ராவா இங்கே விட்டுட்டுப் போனது.

போன தீபாவளிக்கு கமிட்டியில ஒரு யோசனை. குளத்துக்குள்ள கலர் விளக்கு போட்டா என்ன? ரெண்டு கொட்டேஷன் வந்தது. ஒண்ணு பத்தொன்பதாயிரம், இன்னொண்ணு ஏழாயிரம். பொருளாளர் யாரு? அடியேன்தான். பேங்க்ல இருபது வருஷமா பைசா பைசாவா பார்த்த கை. ஏழாயிரத்துக்கு டிக் அடிச்சு வவுச்சர்ல கையெழுத்தும் போட்டாச்சு. பெருமையா வேற இருந்தது.

விளக்கு போட்ட மூணாம் நாள் தோட்டக்கார காகா வந்தார். (மராத்தியில காகான்னா சித்தப்பா முறை, நம்மூர் காக்கா இல்லை!) "சாஹேப், பாணீ சாவ்தய்"ன்னார். தண்ணி கடிக்குதாம். இருபது வருஷமாகியும் என் மராத்தி அரைகுறை. ஆமை கடிச்சதைத்தான் சொல்றார்னு நினைச்சு, "ஆமை வாயில விரலை விடாதீங்க காகா"ன்னு சிரிச்சுட்டு ஆபீஸ் கிளம்பிட்டேன். அவர் ஒண்ணும் சொல்லாம போயிட்டார்.

அன்னிக்கு ராத்திரி பார்த்தா நாலு ஆமையும் கல்லு மேல ஏறி உக்காந்திருக்கு. ராத்திரியில தண்ணிக்கடியில தூங்குற ஜீவன்கள். தண்ணி பக்கமே திரும்பலை. அப்பதான் "தண்ணி கடிக்குது"ன்னு அவர் சொன்னது மண்டையில ஏறிச்சு. தினம் சாயங்காலம் அந்தத் திட்டுல குப்புறப் படுத்துக்கிட்டு ஆமைக்குத் தீனி போடுறது என் பொண்ணு. ஓடிப்போய் மெயினை அணைச்சேன். கை நடுங்கிச்சு.

மறுநாள் தாராவி 90 அடி ரோட்டுல இருந்து ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வந்தேன். திருநெல்வேலிக்காரர். விளக்கு ஒவ்வொண்ணா வெளியே எடுத்தார். மூணாவது விளக்கோட ஒயர்ல தோல் பிய்ஞ்சு செம்பு தெரியுது. ஆமைக்குப் பல்லு கிடையாது, ஆனா அலகு கத்தி மாதிரி. பாசி ஒட்டியிருந்த ஒயரைத் தழைன்னு நினைச்சுக் கடிச்சிருக்கு போல.

"என்ன சார் இது, தண்ணிக்குள்ள நேரா 230 வோல்ட்டையா விடுவாங்க?"ன்னார்.

"எம்சிபி இருக்கே அண்ணாச்சி, அது ஏன் விழலை?"

"அது ஒயரைக் காப்பாத்த வச்சது சார், ஆளைக் காப்பாத்த இல்ல."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். விளக்கு லைன்ல இருந்தது 6 ஆம்பியர் எம்சிபி. ஆளைக் காப்பாத்துற ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே அணைச்சுடும். 6 ஆம்பியர்ல அது 200-ல ஒரு பங்கு. அந்த ஆர்சிசிபி எங்க தோட்ட லைன்ல இல்லவே இல்லை. வாட்ச்மேன் கேபின்ல இருந்து ஒயர் இழுத்திருந்தாங்க. எர்த்தும் கிடையாது. பன்னிரண்டாயிரம் மிச்சம் பிடிச்ச லட்சணம் இது.

அப்புறம் ஒழுங்கா செஞ்சோம். உங்க பில்டிங்லயும் யாராவது இந்த மாதிரி ஆசைப்பட்டா உதவும்னு எழுதுறேன்.

தண்ணிக்குள்ள 12 வோல்ட் விளக்கு மட்டும்தான் போகணும். 230-ஐ 12-ஆக்குற டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டு பக்கச் சுருளும் தனித்தனியா பிரிஞ்ச வகையா இருக்கணும். குளத்தை விட்டுத் தள்ளி, மழைத் தண்ணி ஏறாத உயரத்துல இருக்கணும் (2005 ஜூலை 26-ஐப் பார்த்த பம்பாய்க்காரங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டாம்). விளக்குல ஐபி 68-ன்னு போட்டிருக்கணும். 65 வெறும் பீய்ச்சுற தண்ணிக்குத்தான். 67-ன்னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். ஆர்சிசிபி கட்டாயம். அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. இவ்வளவும் இருந்தாலும் கையை விடறதுக்கு முன்னாடி சுவிட்சை அணைச்சுடுங்க.

ஆமைக்காகத் தனியா சில விஷயம். ஒயரை முழுக்க பிவிசி குழாய்க்குள்ள விடணும். விளக்குக்கும் சுவருக்கும் நடுவுல தலை மாட்டுற சந்து இருக்கக் கூடாது. ஆமை நுரையீரலால மூச்சு விடுற பிராணி, தண்ணிக்கடியில மாட்டிக்கிட்டா முங்கிச் செத்துடும். பழைய ஹாலோஜன் வேண்டாம், ரொம்பச் சுடும். எல்ஈடியே போதும். இந்த விளக்கு வெயிலுக்கு மாற்றும் ஆகாது. ஓடு ஒழுங்கா வளர ஆமைக்கு வெயில் காயணும், அதுக்கு ஒரு காஞ்ச கல்லு வேணும்.

முக்கியமா, ராத்திரி இருட்டு வேணும். சென்னைக் கடற்கரையில 1988-லிருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியா நடந்து கடலாமை முட்டைகளைப் பாதுகாக்குறாங்களே, ஒரு முக்கியக் காரணம் தெருவிளக்கு. பொரிஞ்ச குஞ்சு வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் போகும். அது கடலா ரோடான்னு அதுக்குத் தெரியாது. 2018 மார்ச்ல நம்ம வெர்சோவாவுல கூட குஞ்சுகள் பொரிஞ்சு கடலுக்குப் போச்சு. குளத்து ஆமை கதை வேறதான், ஆனா அதுக்கும் தூக்கம்னு ஒண்ணு உண்டு. எங்க விளக்கு இப்ப ஏழு மணிக்கு எரிஞ்சு ஒன்பதுக்கு டைமர்ல அணைஞ்சுடும். குளத்துல பாதி எப்பவும் இருட்டு.

இன்னொண்ணு. வளர்க்க முடியலைன்னு இந்த ஆமைங்களை ஏரியில விட்டுடாதீங்க, நம்ம நாட்டு ஆமைங்களோட இடத்தைப் பிடிச்சுக்கும். நாட்டு ஆமையை வீட்ல வைக்கிறதோ 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம்.

கமிட்டி மீட்டிங்ல தப்பு என்னுதுன்னு ஒத்துக்கிட்டேன். அது சுலபமா இருந்தது. கஷ்டமா இருந்தது காகாகிட்ட சொல்றதுதான். ஷாக் அடிச்ச கையோட வந்து சொன்ன மனுஷனைச் சிரிச்சு அனுப்பினவன் நான். மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போய் "சூக் மாஜீ"ன்னேன். தப்பு என்னுது.

அவர் குழாயை மூடிட்டு என்னைப் பார்த்தார். "பாவம் சாஹேப், ஆமை மேல பழி போட்டீங்களே"ன்னு சொல்லிட்டு மறுபடி செடிக்குத் தண்ணி விட ஆரம்பிச்சார்.