கர்சியாங் குருமடம் தில்லிக்கு வந்த கதை

தில்லி மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் சிவில் லைன்ஸ் நிலையத்தில் இறங்கி ராஜ் நிவாஸ் மார்க் பக்கம் நடக்கும் தமிழ்ப் பயணி, துணைநிலை ஆளுநர் மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதுதான் வழக்கம். அதே சாலையில் புனித சேவியர் பள்ளி இருக்கிறது. 1960இல் சேசு சபையார் பள்ளி தொடங்குமுன் அது வெள்ளைக்காரத் துரைமார் தங்கிய சிசில் ஓட்டல். பக்கத்திலேயே வித்யாஜோதி இறையியல் கல்லூரி. அதன் பூர்வீகமோ தில்லி அல்ல.

பெல்ஜிய சேசு சபையார் 1879இல் வங்காளத்து அசன்சோலில் தொடங்கிய குருமடம் அது. 1889இல் டார்ஜிலிங் மலையில் உள்ள கர்சியாங்குக்குப் போய், புனித மரியா குருமடம் என்று பெயர் பெற்றது. அந்த ஊருக்கு இரண்டடி அகலத் தண்டவாளத்தில் மலை ரயில் ஏறுகிறது. கடைவீதியில் அது நுழையும்போது, சன்னலோரம் இருப்பவர் கையை நீட்டினால் கடையில் தொங்கும் சரக்கைத் தொட்டுவிடலாம், அவ்வளவு நெருக்கம்.

அந்த மலையில் இறையியல் படித்தவர்களில் காமில் புல்க்கேயைத் தமிழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பெல்ஜியத்தில் பொறியியல் படித்து, 1935இல் இந்தியா வந்து, 1941இல் குருப்பட்டம் பெற்றவர். ராமகதையின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றிய ஆய்வேட்டை இந்தியில்தான் எழுதுவேன் என்று உறுதியாக நின்றார். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றிருந்த விதியை அலகாபாத் பல்கலைக்கழகம் அவருக்காகத் தளர்த்தியது. வால்மீகியோடு கம்பனையும் சேர்த்து ஆராய்ந்த ஏடு அது. பிறகு அவர் தொகுத்த ஆங்கில–இந்தி அகராதி வடக்கே வீட்டுக்கு வீடு புழங்கியது. 1974இல் பத்மபூஷண் கிடைத்தது. 1982இல் தில்லியில் காலமானவரை, சிவில் லைன்ஸுக்கு அடுத்த நிலையமான காஷ்மீரி கேட்டருகே நிக்கல்சன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். 2018இல் அவருடைய எச்சங்கள் ராஞ்சிக்குக் கொண்டுபோகப்பட்டன.

மலையை விட்டு ஏன் இறங்கினார்கள்? 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையை உலகத்தோடு பேசச் சொன்னது. பனிமூட்டத்துக்குள் ஒதுங்கியிருந்து இறையியல் படித்தால் போதாது, மக்கள் நடுவே படிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1971இல் குருமடம் தில்லிக்கு வந்து வித்யாஜோதி ஆனது. அந்த அழகான மலையை விட்டு வர மனசு கேட்டிருக்காது. ஆனாலும் அது சரியான முடிவு.

கர்சியாங் கட்டடமும் பாழாகவில்லை. வன ரேஞ்சர்களுக்குப் பயிற்சி தரும் அரசுக் கல்லூரி அங்கே வந்தது. சிவில் லைன்ஸுக்கு வடக்கே அடுத்த நிலையமான விஸ்வவித்யாலயாவில் இறங்கினால் இன்னொரு கைமாற்றத்தையும் பார்க்கலாம்: பழைய வைஸ்ராய் மாளிகை 1933இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்து, இன்று துணைவேந்தர் அலுவலகமாக இருக்கிறது.

டார்ஜிலிங் போகும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் கர்சியாங்கில் தேநீர் குடிக்க மட்டும் வண்டியை நிறுத்துகின்றன. அந்த ஊருக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும்.