எள்ளளவு ஈ

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரத்துக்குத் தென்மேற்கே, செந்நிறக் கிரானைட் பாறைகளை அறுத்துக்கொண்டு இறங்கிவரும் தெற்கு பிளாட் நதியை நான் முதன்முதலாகக் கண்டது ஜனவரி மாதத்துக் காலைப் பொழுதொன்றில். ஊசியிலை மரங்களில் உறைபனி சடைபிடித்திருந்தது; கரையோரத்து நீர் கண்ணாடித் தகடாக இறுகியிருந்தது; நடு ஆறு மட்டும் மெல்லிய ஆவி எழ, ஓசையடங்கி ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் குளிரில் மனிதர்கள் நெஞ்சளவு ரப்பர் உடை தரித்து ஆற்றில் இறங்கி நின்று, பொய் ஈயைக் கொண்டு டிரவுட் மீன் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நம்ப மறுத்த நான், அந்தத் தொழிலில் முப்பது ஆண்டுகளாக வழிகாட்டியாக இருந்து வரும் ஒருவர் பின்னால் ஒரு நாள் முழுவதும் நடந்து பார்ப்பதென்று தீர்மானித்து அங்கே போயிருந்தேன்.

ஆறு உறையாததன் காரணத்தை அவர் நடந்துகொண்டே விளக்கினார். பள்ளத்தாக்கின் தலைப்பில், டென்வரின் குடிநீருக்காக 1905-இல் கட்டி முடித்த சீஸ்மன் அணை நிற்கிறது. நீருக்கு ஏறக்குறைய 4 டிகிரி சென்டிகிரேடில்தான் அடர்த்தி மிகுதி. ஆகவே தேக்கத்தின் மேற்பரப்பு பனிக்கட்டியாக இறுகினாலும் அந்த உஷ்ணத்து நீர் அடியில் தங்கிவிடுகிறது. ஆழத்திலிருந்து திறந்துவிடப்படும்போது அதுவே ஆறாக ஓடுகிறது. இதே நதியில் இன்னும் கீழே டூ ஃபோர்க்ஸ் என்ற மாபெரும் அணையொன்றைக் கட்ட ஏற்பாடாகி, 1990-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதைத் தடுத்திராவிட்டால், தமக்குப் பிழைப்பளித்த நதியில் பல மைல் இன்று ஏரிக்கடியில் கிடந்திருக்கும் என்று அவர் சொன்னபோது, அவருடைய குரல் சற்றே தாழ்ந்தது.

நெடுநேரம் அவர் தூண்டிலைத் தொடவே இல்லை. பாறையொன்றின் மறைவில் குந்தியிருந்து நீரையே உற்று நோக்கிக்கொண்டிருந்தார். பிறகு எனக்கும் விரலால் சுட்டிக் காட்டினார். எனக்குக் கூழாங்கற்களே தெரிந்தன. அவற்றில் ஒரு கூழாங்கல்லின் நிழல் மெதுவாக அசைந்தபோதுதான் அது மீன் என்று கண்டேன். நீரின் உஷ்ணம் குறையக் குறைய டிரவுட்டின் ஜீரணமும் மந்தப்பட்டுவிடுகிறது. விரைந்தோடும் நீரை விட்டு, ஆழமும் அமைதியும் உள்ள மடுவின் அடியில் அது போய் அடங்குகிறது. ஒரு கவளத்தால் வரும் பலத்தைக் காட்டிலும் அதைத் தேடி நீந்துவதால் செலவாகும் பலம் அதிகமானால், அந்தக் கவளத்தை அது தீண்டுவதில்லை. மிகக் கணக்கான குடித்தனக்காரி ஒருத்தியின் சிக்கனம் அந்த மீனுக்கு இருக்கிறது. பனிக்காலத் தூண்டிற்கலை முழுவதும் அந்தச் சிக்கனத்துக்குப் பணிந்து நடக்கும் வித்தையே என்பது அன்று என் மனத்தில் பதிந்தது.

கோடையில் மீன் ஈயைத் தேடி எழும்பி வரும். பனிக்காலத்திலோ ஈ மீனின் வாய்க்கு நேராக மிதந்து வர வேண்டும். ஒரு சாண் விலகிப் போனால் அது திரும்பியும் பாராது. நடு ஆற்றின் வேகமான நீர் கயிற்றின் வயிற்றைப் பற்றி இழுத்தால் ஈயும் இழுபட்டு, உயிருள்ள பூச்சி ஒருபோதும் போகாத வேகத்தில் போகும். மீன் அந்த வஞ்சனையை அறிந்துகொள்ளும். ஆதலால் வழிகாட்டி கோலை வீசிய மறுகணமே மணிக்கட்டை மெல்லச் சுழற்றிக் கயிற்றை மேல்நீர்ப் பக்கமாகத் தூக்கி இட்டார். ஈ தன் போக்கில் மிதந்தது. இப்படி ஒரே மீனுக்கு நாற்பது தடவைக்குக் குறையாமல் வீசினார். சில வீச்சுகளுக்கு ஒரு முறை கோலின் வளையங்களில் நீர் உறைந்து கயிறு ஓடாமல் நின்றுவிடும். கையுறையின் முனையில் நீட்டிக்கொண்டிருந்த விரல்களால் ஒவ்வொரு வளையமாகப் பனியை உதிர்த்துவிட்டு மறுபடியும் தொடங்குவார். மீன் கடிப்பதாவது, வெடுக்கென்று இழுப்பதன்று. தக்கையாகக் கட்டியிருந்த கம்பளித் துணுக்கு ஒரு கணம் தயங்கும், அவ்வளவே. அந்தத் தயக்கத்தை நான் ஒரு தடவைகூடக் காணவில்லை. அவர் கண்டார்.

பொன்மேனியில் செம்புள்ளிகள் இட்ட பிரவுன் டிரவுட் அது. கைவலையை நீரிலேயே அமிழ்த்தி வைத்து, ஈரக்கையால் முள்ளைக் கழற்றி, தலையை மேல்நீர்ப் பக்கம் திருப்பிப் பிடித்திருந்து போகவிட்டார். வெளியே எடுத்தால் இந்தக் காற்றில் செவுள்கள் உறைந்துபோகும் என்றார். அந்தப் பள்ளத்தாக்கில் பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டுமென்ற விதி 1976 முதல் நடப்பில் இருக்கிறது.

அவர் கழற்றிய ஈயை என் உள்ளங்கையில் வைத்தார். எள்ளைவிடச் சற்றே நீண்டது. கடிக்காத கொசு போன்ற மிட்ஜ் என்னும் பூச்சியே பனிக்காலத்தில் இம்மீனுக்குப் பெரும்பாலும் உணவு. அதன் கூட்டுப்புழுவைத்தான் கருநூலாலும் வெள்ளிக்கம்பியாலும் அப்படிச் சமைத்திருந்தார்கள். அதைக் கட்டிய முதிய பெண்மணியை முந்திய நாள் மாலையில் கண்டிருந்தேன். ரிம் சுங் என்பவர் பல ஆண்டுகளுக்கு முன் உருவாக்கி இந்த நதியில் புகழ் பெற்ற ஆர்.எஸ்.2 என்ற ஈயை, பெருக்காடிக்குக் கீழே வைஸ் என்னும் பிடிகருவியில் முள்ளைப் பொருத்தி, நூலை ஒரு சுற்றுக்கூட மிகாமல் எண்ணிச் சுற்றி, எனக்காகவே மெதுவாகக் கட்டிக் காட்டினார். அவருடைய இழுப்பறையில் மெழுகுத்துளி இட்டாற்போன்ற புள்ளிகளுள்ள கழுத்திறகுகளைக் கண்டு நான் திகைத்தேன். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியின் இறகுகள் அவை. இந்தியா அவற்றின் ஏற்றுமதியைத் தடுத்துவிட்டபடியால் அவை அயல்நாட்டில் கூண்டில் வளர்ந்த கோழிகளுடையவை என்று அவர் முந்திக்கொண்டு சொன்னார். கடைகளில் விற்கும் ஈக்களில் பெரும்பகுதி கென்யா, தாய்லாந்து, இலங்கை முதலிய நாடுகளின் பட்டறைகளில், பெரும்பாலும் பெண்கள் கட்டுபவை என்பதையும் அவரே தெரிவித்தார். அந்தக் கைகள் பெயரின்றியே இருந்துவிடுவது எனக்கு இன்றும் மனத்தாங்கலாகவே இருக்கிறது.

பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் மலைமுகட்டில் மறைந்தது; கோலைக் கழற்றிக்கொண்டு திரும்பினோம். ஆழமற்ற ஒரு துறையில் நான் நேரே கடக்கக் காலெடுத்தபோது வழிகாட்டி என் தோளைப் பற்றி நிறுத்தினார். பாசி படிந்த கற்களின் நடுவே, முறமளவு இடத்தில், சரளைக்கற்கள் துடைத்துவைத்தாற்போல் வெளுத்துக் கிடந்தன. இலையுதிர் காலத்தில் பெண் மீன் வாலால் துடைத்துத் தோண்டி முட்டையிட்டு மூடிய இடம் அது. வசந்தம் வரைக்கும் அதனடியில் உயிர் இருக்கும். குளிரில் என் பாதங்கள் மரத்துப்போயிருந்தன என்பதை அறிந்திருந்தும் அவர் என்னைக் கரையோரமாக வெகுதூரம் கீழே அழைத்துச் சென்று, பாறைகள் நிறைந்த வேறொரு துறையிலே கையைப் பிடித்துக் கடத்திவிட்டார்.